சைலன்சர் மாற்றக் கொடுத்தேன், ஆக்ஸிஜன் சென்சாரையே காணோம்: உஷார்

பைக்குக்கு ஃபுல் சிஸ்டம் எக்சாஸ்ட் மாட்டக் கொடுக்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். பின்னால் இருக்கும் சைலன்சரை மட்டும் மாற்றும் ஸ்லிப்-ஆன் என்றால் பெரிய கவலை இல்லை, பெரும்பாலான வண்டிகளில் புகையில் மிச்சமிருக்கும் ஆக்ஸிஜனை அளக்கும் சென்சார் இருக்கும் பக்கமே கை போகாது. எஞ்சினிலிருந்து வரும் பெண்ட் பைப்போடு சேர்த்துக் கழற்றும்போதுதான் இவர்கள் வேலையைக் காட்டுகிறார்கள்.

"பழசைக் கழற்றுவோம், புதுசை மாட்டுவோம், அவ்வளவுதான் அண்ணா, வயரிங்கில் கையே வைக்க மாட்டோம்." கடையில் சொன்னது இது. வண்டியை எடுத்தபோது சத்தம் கும்மென்று இருந்தது, மீட்டரில் செக் எஞ்சின் லைட்டும் எரியவில்லை, பணத்தை வாங்கிக்கொண்டு சிரித்த முகத்தோடு அனுப்பி வைத்தார்கள்.

அப்புறம் ஒவ்வொன்றாக ஆரம்பித்தது. வண்டி நின்றால் பெட்ரோல் வாடை, ஐடிலிங் தானாக ஏறி இறங்குகிறது, சைலன்சர் வாயில் விரலை விட்டால் கரி அப்பிக்கொண்டு வருகிறது, மைலேஜ் சரசரவென்று இறங்குகிறது, போதாக்குறைக்கு ஆக்ஸிலரேட்டரை விட்டதும் பட்பட்டென்று வெடி. போன் செய்து கேட்டால், "ரேஸ் பைப்னா அப்படித்தான் அண்ணா வெடிக்கும், கெத்தா இருக்கும்ல" என்று பதில். கெத்துக்கு யார் கேட்டார்கள்?

வேறொரு மெக்கானிக்கிடம் கொண்டு போனேன். அவர் முதலில் பெண்ட் பைப்பைத்தான் பார்த்தார். சென்சார் திருகுவதற்கென்றே வெல்டு செய்த நட்டு புது பைப்பில் சரியான இடத்தில் இருக்கிறது, ஆனால் அதில் சென்சார் இல்லை, ஒரு போல்ட்டை முறுக்கி அடைத்திருக்கிறார்கள். டேங்கைத் தூக்கினால் கருப்பு டேப் சுற்றிய உருண்டை ஒன்று. பிரித்துப் பார்த்தால் என் சென்சாரின் கனெக்டர்! அதிலிருந்து ஓர் அங்குலம் விட்டு நான்கு வயர்களும் நறுக்கப்பட்டிருந்தன, ஒரே நிறத்தில் இருந்த இரண்டு வயர்களுக்கு நடுவே ஒரு சின்ன ரெசிஸ்டரை சோல்டர் வைத்திருந்தார்கள். மற்ற இரண்டும் அந்தரத்தில்.

அவர் சொன்னதைக் கேட்டதும் எனக்குக் கோபத்தைவிட ஆச்சரியம்தான் அதிகம். சென்சாரின் தலையிலிருந்து வயர் வெளியே வருவதால் சாதாரண பாக்ஸ் ஸ்பேனர் அதன்மேல் இறங்காது, பக்கவாட்டில் வெட்டு விட்ட தனி சாக்கெட் வேண்டும். அது கடையில் இல்லை போலிருக்கிறது, வயரை வெட்டிவிட்டுச் சாதாரண ஸ்பேனரைப் போட்டுக் கழற்றியிருக்கிறார்கள் என்றார். வெட்டிய பிறகு லைட் எரியும், நான் கேள்வி கேட்பேன், அதனால் ரெசிஸ்டர். நான்கு வயர் சென்சாரில் இரண்டு வயர் உள்ளே இருக்கும் ஹீட்டருக்கு. சுமார் 300 டிகிரி செல்சியஸாவது சூடேறினால்தான் சென்சார் வேலை செய்யும், அதற்குத்தான் அந்த ஹீட்டர். ஹீட்டர் லைன் அறுந்திருந்தால் ஈசியூ, அதாவது எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர், உடனே கண்டுபிடித்து லைட்டைப் போடும், நடுவில் ரெசிஸ்டர் இருந்தால் ஹீட்டர் இருப்பதாக நினைத்துக்கொள்ளும். என் வண்டியில் அது அதோடு திருப்தியாகிவிட்டது. ஆனால் காற்றும் பெட்ரோலும் சேர்ந்த கலவை எப்படி இருக்கிறது என்று சொல்லும் சிக்னல் வயருக்கு இதனால் எந்தப் பயனும் இல்லை. வழக்கமான சென்சார் பெட்ரோல் கூடினால் 0.9 வோல்ட் பக்கமும் குறைந்தால் 0.1 பக்கமும் மாறி மாறிக் காட்டிக்கொண்டே இருக்கும், ஈசியூ அதைப் பார்த்துத்தான் பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும். எதுவுமே வராவிட்டால் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட கதைதான். என் வண்டி பெட்ரோல் போதவில்லை என்று எடுத்துக்கொண்டு ஊற்றித் தள்ளியிருக்கிறது.

வெடிச் சத்தத்துக்கும் காரணம் கிடைத்தது. எஞ்சினில் பைப் சேரும் இடத்தில், இடுக்கை அடைக்கும் புது கேஸ்கெட் போடாமல் நசுங்கிய பழையதையே வைத்து இறுக்கியிருந்தார்கள், அந்த இடுக்கு வழியாக வெளிக்காற்று உள்ளே போய்க்கொண்டிருந்தது. இது வெறும் சத்தப் பிரச்சினை இல்லை. சென்சார் ஒழுங்காக இருந்திருந்தாலும் இந்தக் காற்றைப் பார்த்து ஏமாந்து தப்பாகத்தான் சொல்லியிருக்கும்.

கடைக்கே நேரில் போனேன். "சென்சார் எதுக்கு அண்ணா, கம்பெனிக்காரன் புகைச் சட்டத்துக்காக வெச்சது, எடுத்துட்டா பவர் ஏறும்" என்றார்கள். பாதி உண்மை. ஒரே சீராக ஓட்டும்போது கலவையை எடைக் கணக்கில் காற்று 14.7-க்குப் பெட்ரோல் 1 என்று பிடித்து வைப்பது புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்காகத்தான், முழு த்ராட்டிலில் ஈசியூ சென்சாரைக் கண்டுகொள்வதும் இல்லை. அப்படி முழு த்ராட்டிலில் அது வேடிக்கைதான் பார்க்கிறது என்றால், அதைக் கழற்றினால் பவர் எங்கிருந்து வரும்? சென்சார் இல்லாமல் ஓட்ட வேண்டுமானால் எப்போது எவ்வளவு பெட்ரோல் என்று சொல்லும் ஈசியூ மேப்பையே அதற்கேற்ப மாற்ற வேண்டும், அது தனி வேலை. என் பழைய சென்சார் எங்கே என்று கேட்டதற்குப் பதில் இல்லை. பணமும் திரும்பவில்லை.

புது சென்சார், புது கேஸ்கெட், வெட்டிய கனெக்டரைத் தூக்கி எறிந்துவிட்டு முழு செட் என்று என் கைக்காசில்தான் சரி செய்தேன். இரண்டாவது மெக்கானிக் வயரை ஒட்டுப் போட மறுத்துவிட்டார், பல சென்சார்கள் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டிய வெளிக்காற்றை வயர் வழியாகவே இழுக்கும், சோல்டர் வைத்தால் அந்த வழி அடைபட்டுவிடும் என்றார். மரையில் மட்டும் சூடு தாங்கும் கிரீஸைத் தொட்டு வைத்தார், முனையில் படவிடவில்லை. வயரை பைப்பில் உரசாதபடி தள்ளிக் கட்டினார். ஐடிலிங் அன்றைக்கே நிதானமாகிவிட்டது.

வண்டியைக் கொடுக்கும் முன் புது பைப்பில் சென்சார் நட்டு இருக்கிறதா, மரை அளவு ஒன்றா என்று பாருங்கள். சில வண்டிகளுக்கு 18 மி.மீ., சிலவற்றுக்கு 12. சென்சாரைக் கழற்றும் சாக்கெட்டை எடுத்துக் காட்டச் சொல்லுங்கள், காட்டாவிட்டால் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிடுங்கள். லைட் எரியவில்லை என்பதை மட்டும் நம்பிப் பணம் கொடுக்காதீர்கள், குனிந்து சென்சாரைக் கண்ணால் பார்த்துவிட்டுக் கொடுங்கள். ஏற்கெனவே மாட்டி மைலேஜ் விழுந்திருக்கிறது என்றால், சென்சார் வயர் போகும் வழியில் கருப்பு டேப் உருண்டை ஏதாவது இருக்கிறதா என்று இன்றைக்கே தேடுங்கள்.