அன்னபூர்ணா ட்ரெக் போகிறவர்கள் கவனத்துக்கு: மனாங்கில் நடக்கும் ஹெலிகாப்டர் வியாபாரம்

நேபாளத்தில் அன்னபூர்ணா மலைத்தொடரைச் சுற்றி நடக்கும் அன்னபூர்ணா சர்க்யூட் போகத் திட்டம் போட்டிருப்பவர்கள், அட்வான்ஸ் அனுப்புவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். காத்மாண்டு தமேலில் ஆபீஸ் வைத்திருக்கும் ஒரு ஏஜென்சி எங்களிடம் பணத்தையும் பறித்தது, அத்தானின் உடம்போடும் விளையாடியது. ஏஜென்சியின் பெயரைப் போடவில்லை. போர்டை மாற்றிக்கொண்டு நாளைக்கே வேறு பெயரில் உட்கார்ந்துவிடுவார்கள். எப்படி ஏமாற்றுகிறார்கள் என்று தெரிந்துகொண்டால் போதும்.

போனது நான், அக்கா, அத்தான். அத்தானுக்கு முக்திநாத் சேவிக்க வேண்டும் என்று நெடுநாள் ஆசை. திருமங்கையாழ்வார் மங்களாசாசனம் செய்த சாளக்கிராமம், 108 திவ்யதேசங்களில் ஒன்று. போக்ராவிலிருந்து ஜீப்பிலேயே போய் வரலாம்தான். எனக்கோ 5,416 மீட்டர் உயரமுள்ள தோரோங் லா கணவாயைத் தாண்டி, மறுபக்கம் முக்திநாத்தில் இறங்க வேண்டும். இரண்டையும் சேர்த்து ஒரே பேக்கேஜ் தருகிறோம் என்றார்கள். 2023 ஏப்ரலிலிருந்து வெளிநாட்டினர் லைசென்ஸ் உள்ள கைடு இல்லாமல் ட்ரெக் போகக் கூடாது என்று விதி வந்துவிட்டதால், ஏஜென்சியை ஒதுக்கிவிட்டுப் போகவும் வழியில்லை.

அவர்கள் அனுப்பிய பயணத் திட்டம் பார்க்க ஒழுங்காகத்தான் இருந்தது. வழியில் உள்ள ஊர்களில் தங்கித் தங்கி ஏறுவது: சாமேயில் ஒரு இரவு, பிசாங்கில் ஒரு இரவு, பிறகு மனாங். மனாங்கில் ஒரு நாள் முழு ஓய்வு. உடம்பு உயரத்துக்குப் பழக வேண்டும் என்பதால், 3,000 மீட்டருக்கு மேல் போய்விட்டால், ஒவ்வொரு இரவும் தூங்கும் உயரம் முந்தைய இரவைவிட 500 மீட்டருக்கு மேல் கூடக் கூடாது என்பது மலை மருத்துவர்கள் சொல்லும் பொதுக்கணக்கு. காகிதத்தில் அது சரியாக இருந்தது.

சாமேயில் கைடு ஆரம்பித்தார். "ரோடு நன்றாக இருக்கிறது சார், ஜீப்பில் நேராக மனாங் போய்விடலாம், தீதிக்கும் (அக்காவைத்தான் சொன்னார்) கால் வலிக்காது." சாமே 2,670 மீட்டர், மனாங் 3,540. ஒரே தாவலில் 870 மீட்டர். பிசாங் என்ன ஆச்சு என்று கேட்டதற்கு, அங்கே ரூம் இல்லை, சீசன் என்றார். அக்டோபர் மாதம், கூட்டம் இருந்தது உண்மைதான். ஆனால் பிசாங்கைத் தாண்டும்போது லாட்ஜ் வாசலில் நின்று ஆட்களைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பணம் முழுவதும் முன்கூட்டியே வாங்கியாயிற்று. ஒரு இரவைக் குறைத்தால் ரூம், சாப்பாடு, கைடு சம்பளம் எல்லாம் அவர்களுக்கு மிச்சம். மனாங்கில் இறங்கியதும் அடுத்த அடி: "நாளைக்கே யாக் கர்கா கிளம்பணும்." அது இன்னும் மேலே உள்ள அடுத்த தங்குமிடம். ஓய்வு நாளும் போச்சு.

அன்று ராத்திரி அத்தானுக்குத் தலைவலி. சாப்பாடு இறங்கவில்லை. கைடு வந்து முகத்தைப் பார்த்தவர், பல்ஸ்கூடப் பிடிக்கவில்லை. "மூளை வீங்க ஆரம்பித்துவிட்டது. விடிந்ததும் ஹெலி வரும், காத்மாண்டு ஆஸ்பத்திரியில் சேர்த்துவிடலாம். உங்கள் கைக்காசு ஒரு பைசா வேண்டாம், இன்சூரன்ஸ் பார்த்துக்கொள்ளும். பாலிசிப் பேப்பரைக் கொடுங்கள்." அக்கா அழ ஆரம்பித்துவிட்டாள். கூடவே இன்னொன்றும் சொன்னார்: "நீங்கள் மூன்று பேருமே ஏறிக்கொள்ளுங்கள், மூன்று பேருக்கும் சேர்த்து நான் எழுதிக்கொள்கிறேன்." தலைவலி ஒருவருக்கு, நோயாளிகள் மூன்று பேர்!

இது புதுக்கதை இல்லை. 2018-ல் நேபாள அரசே இதை விசாரிக்கக் குழு போட்டது. லேசான தலைவலிக்கெல்லாம் ஆளைப் பயமுறுத்தி ஹெலியில் ஏற்றுவது, ஒரே தடவை பறந்துவிட்டு உள்ளே இருந்த ஒவ்வொருவரின் இன்சூரன்ஸுக்கும் தனித்தனி முழு பில் போடுவது, ஏஜென்சி, ஹெலி கம்பெனி, ஆஸ்பத்திரி என்று கமிஷன் பிரிப்பது எல்லாம் அப்போது வெளியே வந்தது. நேபாளத்துக்குப் பாலிசி தருவதையே நிறுத்திவிடுவோம் என்று வெளிநாட்டு இன்சூரன்ஸ் கம்பெனிகள் எச்சரிக்கும் அளவுக்குப் போனது. ஒரு தடவை ஹெலி வந்தால் பில் சில ஆயிரம் டாலர். பேக்கேஜை அடிமாட்டு விலைக்கு ஏன் கொடுக்கிறார்கள் என்பதற்கு விடை அங்கேதான் இருக்கிறது.

நான் இன்சூரன்ஸ் ஹெல்ப்லைனைக் கூப்பிட்டேன். டாக்டர் பார்த்து எழுதித் தராமல், எங்கள் அனுமதி இல்லாமல் ஏறினால் பில் உங்கள் தலையில் என்று தெளிவாகச் சொன்னார்கள். மனாங்கில் ஹிமாலயன் ரெஸ்க்யூ அசோசியேஷனின் மருத்துவ முகாம் ஒன்று உண்டு. சீசனில் டாக்டர்கள் இருப்பார்கள், உயரத்துக்கு உடம்பு பழகாமல் வரும் உயர நோய் பற்றிப் பிற்பகலில் வகுப்பும் எடுப்பார்கள். கைடு அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. லாட்ஜ் அம்மாதான் பூண்டு சூப்பைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, அங்கே போங்கள் என்று கை காட்டினார். காலையில் டாக்டர் அத்தானை ஒரு கோட்டில் நேராக நடக்கவிட்டார், ஆக்சிஜன் பார்த்தார், நாலு கேள்வி கேட்டார். லேசான உயர நோய், மேலே ஏறாமல் இங்கேயே இருங்கள், தலைவலிக்கு மாத்திரை போடுங்கள், சரியாகவில்லை என்றால் கீழே இறங்குங்கள் என்றார். மறுநாள் அத்தான் தால் பாத்தை இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

ஒன்றைத் தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நேராக நடக்க முடியாமல் தள்ளாடினாலோ, பேச்சு குழறினாலோ, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ பில்லைப் பற்றி யோசிக்காதீர்கள். உடனே இறக்க வேண்டும், ராத்திரியானாலும். ஆனால் அதைச் சொல்ல வேண்டியது டாக்டர், கமிஷன் வாங்கும் கைடு இல்லை.

அதற்குப் பிறகு கைடு எங்களோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. கணவாயைத் தாண்டினோம், முக்திநாத்தில் சேவித்தோம். போர்ட்டர் பையன் தங்கமானவன். அவனுக்குக் கொடுப்பதாகச் சொன்ன கூலியில் பாதிதான் கைக்கு வந்திருக்கிறது என்று தெரிந்ததும், டிப்ஸை அவன் கையிலேயே கொடுத்துவிட்டோம்.

முக்திநாத்துக்குக் கீழே உள்ள ஜோம்சோமில் அடுத்த வேட்டு. அங்கிருந்து போக்ராவுக்கு விமானம் என்று பேக்கேஜில் இருந்தது. 20 நிமிஷப் பறப்பு. காளி கண்டகிப் பள்ளத்தாக்கில் பகலேறினால் காற்று பேய் மாதிரி அடிக்கும் என்பதால் காலையில் மட்டும்தான். காற்றால் ரத்து என்றார் கைடு. எங்கள் கண்ணெதிரே விமானம் ஏறிப் போனது. கவுன்டரில் விசாரித்தால், எங்கள் பெயரில் டிக்கெட்டே போடவில்லை. நாள் முழுக்க பஸ்ஸில் எலும்பு குலுங்கப் போக்ரா வந்து சேர்ந்தோம்.

பெர்மிட்டிலும் கை வைத்திருந்தார்கள். அன்னபூர்ணா பகுதிக்கான நுழைவு அனுமதி மற்ற வெளிநாட்டினருக்கு 3,000 நேபாள ரூபாய், இந்தியா உட்பட சார்க் நாட்டினருக்கு 1,000. எங்களிடம் தலைக்கு 3,000 வாங்கினார்கள். ரசீதைக் கேட்டு வாங்கியபோதுதான் 1,000 என்று இருந்தது.

பேசும்போதே ஒவ்வொரு இரவும் எந்த ஊர், எத்தனை மீட்டர் என்று எழுதி வாங்குங்கள். விமான டிக்கெட்டை உங்கள் பெயரோடு, கிளம்பும் முன்பே கேளுங்கள். தோரோங் லா தாண்டுவதாக இருந்தால் உங்கள் பாலிசி எத்தனை மீட்டர் வரை செல்லும் என்று பாருங்கள். பல பாலிசிகள் 4,000, 4,500-லேயே நின்றுவிடும். பாலிசிப் பேப்பரை கைடு கையில் கொடுக்கவே வேண்டாம். முழுப் பணத்தையும் முன்னால் கேட்கிற ஏஜென்சியை அங்கேயே விட்டுவிடுங்கள்.

காத்மாண்டு திரும்பியதும் பிரிகுடிமண்டப்பில் உள்ள டூரிஸ்ட் போலீஸில் எழுதிக் கொடுத்தோம். ஏஜென்சிக்காரர் வந்தார், டீ வாங்கித் தந்தார், பெர்மிட்டில் கூடுதலாக வாங்கிய பணத்தை எண்ணிக் கொடுத்தார். விமான டிக்கெட் பணத்துக்கு மட்டும் "வானிலையால் ரத்து, திருப்பித் தர முடியாது" என்று இன்றுவரை அதே பதில்தான் வந்துகொண்டிருக்கிறது.