காலைல மட்டும்தான் மக்கர்: 14 வருஷ எஃப்ஐ வண்டியும் நானும்

போன வாரம் ஷிப்ட் முடிந்து கேட்டில் நிற்கும்போது கூட வேலை பார்க்கிற மச்சான் கேட்டான். "பழைய எஃப்ஐ வண்டி ஒன்னு 25 ஆயிரத்துக்கு வருது, காலைல மட்டும் ஸ்டார்ட் ஆக லேட்டாகுமாம், மத்தபடி சூப்பராம், வாங்கலாமா?" எஃப்ஐ என்றால் கார்ப்பரேட்டருக்குப் பதில் கம்ப்யூட்டர் கணக்கில் இன்ஜினுக்குப் பெட்ரோலைப் பீய்ச்சுகிற வண்டி. அந்த "காலைல மட்டும்" காதில் விழுந்ததும் எனக்கு வயிறு எரிந்தது. ஒன்றரை வருஷம் நான் அனுபவித்தது அது. டீக்கடையில் முழுசாகச் சொல்ல முடியவில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன்.

என்னுடையது 2011-ல் வாங்கியது. 150 சிசி, கிக்கர் கிடையாது, 78,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. கம்பெனி பெயர் வேண்டாம், வண்டி மேல் எனக்குக் கோபம் இல்லை, அல்லது பாதி நாள் இல்லை. அப்போது எங்கள் ஊர்ப்பக்கம் ஓடினதெல்லாம் கார்ப்பரேட்டர் வண்டிதான். எஃப்ஐ என்றாலே மெக்கானிக் நாலடி தள்ளி நிற்பார். ஆனால் பன்னிரண்டு வருஷம் இந்த வண்டி ஒரு நாள் கூட என்னைத் தெருவில் நிறுத்தவில்லை. ஓசூர் டிசம்பர் குளிரில் பக்கத்து வீட்டுக்காரர் சோக்கை இழுத்துக்கொண்டு முக்கி முனகும்போது நான் பட்டனைத் தொட்டால் போதும். ஏற்காடு ஏறினால்கூட மூச்சு வாங்காது. மேலே போகப் போகக் காற்று இளைப்பதை சென்சார் பார்த்துச் சொல்ல, ஈசியு என்கிற வண்டியின் குட்டிக் கம்ப்யூட்டர் பெட்ரோலைக் குறைத்துக்கொள்ளும். லிட்டருக்கு 45 தருகிறது, இன்னமும்.

அப்புறம் ஆரம்பித்தது. காலை ஐந்தே காலுக்கு வண்டியை எடுத்தால் ஸ்டார்ட்டர் நன்றாகச் சுற்றும், இன்ஜின் பிடிக்காது. பத்து வினாடி, விட்டுவிட்டு இன்னொரு பத்து வினாடி, மூன்றாவது தடவை ஏதோ பாவம் பார்த்த மாதிரி பிடிக்கும். பிடித்துவிட்டால் அதன்பிறகு நாள் முழுக்க ஒரே தட்டில் ஸ்டார்ட். மத்தியானம் வெயிலில் அரை மணி நேரம் நிறுத்தி எடுத்தால் மட்டும் சில நாள் அதே அடம்.

இனி செலவுக் கணக்கு. முதலில் பேட்டரி என்றார்கள். மீட்டர் வைத்துப் பார்த்தேன், நிற்கும்போது 12.6 வோல்ட், ஸ்டார்ட்டர் சுற்றும்போது 10.8. அது நல்ல பேட்டரி. இருந்தாலும் கடைக்காரர் பேச்சில் மயங்கிப் புதுசு மாட்டினேன், 1,450 ரூபாய். மறுநாள் காலை அதே கதை, என்ன, புது பேட்டரி என்பதால் இன்னும் வேகமாகச் சுற்றிவிட்டுப் பிடிக்காமல் இருந்தது. அப்புறம் பிளக். அப்புறம் இன்ஜினுக்குப் போகிற காற்றைக் கூட்டிக் குறைக்கிற த்ராட்டில் பாடி கழுவல். அதில் கரி இருந்தது உண்மை, ஐட்லிங் சீரானதும் உண்மை, காலைப் பிரச்சினை அப்படியே. அப்புறம் பெட்ரோலைப் பீய்ச்சுகிற இன்ஜெக்டரை மிஷினில் போட்டுச் சுத்தம் செய்தார்கள். எல்லாம் சேர்த்து நாலாயிரத்தைத் தாண்டிவிட்டது.

ஒவ்வொரு தடவையும் சர்வீஸ் சென்டரில் சொன்னது ஒரே வசனம்: "எஃப்ஐ லைட் எரியல சார், ஸ்கேனர்லயும் ஒன்னும் காட்டல, அப்ப எஃப்ஐ சைடு ஓகே." எனக்கு ஆத்திரம் இங்கேதான். மீட்டரில் கோளாறு காட்டுகிற அந்த லைட்டுக்கு என்ன தெரியும்? டெம்பரேச்சர் சென்சார் வயர் அறுந்தால் தெரியும், த்ராட்டில் சென்சார் ஏறுமாறாகக் காட்டினால் தெரியும், உடனே நீளமாகவும் குட்டையாகவும் மினுக்கிக் கோளாறு நம்பரைச் சொல்லும், நீளம் ஒன்றுக்குப் பத்து, குட்டை ஒன்றுக்கு ஒன்று. ஆனால் இந்த மாதிரிச் சின்ன வண்டிகளில் பெட்ரோல் பிரஷரை அளக்க சென்சாரே வைக்கவில்லை. பம்ப் சரியாகத் தள்ளுகிறதா, தள்ளின பிரஷர் பெட்ரோல் குழாய் லைனில் நிற்கிறதா என்பது ஈசியுவுக்குத் தெரியவே தெரியாது. "இன்ஜெக்டரை இத்தனை நேரம் திற" என்று கணக்குப் போட்டுத் திறக்கும், வெளியே வருவது பெட்ரோலா வெறும் ஆவியா என்று பார்க்காது. லைட் எரியவில்லை என்றால் கோளாறு இல்லை என்று அர்த்தமே இல்லை. இதைப் படித்தவர் யாராவது அந்த சர்வீஸ் அட்வைசரிடம் போய்ச் சொல்லுங்கள், நான் சொல்லி அலுத்துவிட்டேன்.

கடைசியில் வழி காட்டியது பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு பாய் கடை. ஸ்கேனர் கிடையாது, மேலே ஒரு தகரம், கீழே ஒரு ஸ்டூல். அவர் வண்டியைத் தொடவே இல்லை. "தம்பி, நாளைக்குக் காலைல சாவியப் போடுங்க, ஸ்டார்ட் பண்ணாதீங்க. டேங்க்ல ஊய்ங்னு ஒரு சத்தம் வந்து நிக்கும். ஆஃப் பண்ணுங்க. மறுபடி போடுங்க. மூணு தடவ. அப்புறம் பட்டன அமுக்குங்க, ஆக்சிலேட்டரத் தொடாதீங்க" என்றார்.

மறுநாள் காலை அப்படியே செய்தேன். ஒரே தட்டு. இருட்டில் வாசலில் நின்று தனியாகச் சிரித்தேன், நாய் ஒன்று எழுந்து பார்த்தது.

விஷயம் இதுதான். சாவி போட்டதும் பம்ப் ரெண்டு மூணு வினாடி ஓடி லைனில் பிரஷர் ஏற்றிவிட்டு நின்றுவிடும். பம்ப்புக்குள் ஒரு சின்ன வால்வு இருக்கிறது, ஏறின பெட்ரோல் டேங்குக்குத் திரும்பாமல் தடுக்க. அது தேய்ந்தால் ராத்திரியில் பிரஷர் முழுக்க இறங்கிவிடும், காலையில் ஒரு தடவை ஓடுவது போதாது. ஸ்டார்ட்டர் சுற்றும்போதும் பம்ப் ஓடும்தான், ஆனால் வோல்டேஜ் சரிந்த நேரம் என்பதால் மெதுவாக ஓடும். மத்தியான அடத்துக்கும் இதுவே காரணம், பிரஷர் இல்லாத லைனில் சூட்டுக்குப் பெட்ரோல் ஆவியாகிவிடுகிறது. ஆக்சிலேட்டர் முறுக்குவது கார்ப்பரேட்டர் காலத்துப் பழக்கம். சில வண்டிகளில் முழுசாக முறுக்கிப் பிடித்துக்கொண்டு பட்டனை அமுக்கினால் ஈசியு பெட்ரோலையே நிறுத்திவிடும். நான் மாதக்கணக்கில் முறுக்கியிருக்கிறேன்.

பாய் அப்புறம் லைனில் பிரஷர் கேஜ் மாட்டிக் காட்டினார். சாவி போட்டதும் முள் மூணு கிலோ பிரஷருக்கு ஏறியது. ஆஃப் செய்ததும் நாங்கள் டீ வாங்கி ஒரு வாய் குடிப்பதற்குள் சைபர். இன்ஜெக்டரைக் கழற்றித் துடைத்து, பிளக் கேப்பைத் தூரமாக வைத்துவிட்டு, பிரஷர் ஏற்றி அதன் நுனியில் காகிதம் வைத்தார். நனையவில்லை. அப்போ ஒழுகுவது டேங்குக்குள்தான். பம்ப்பைக் கழற்றினால் ஓரிங், அதாவது ஒழுகாமல் அடைக்கிற ரப்பர் வளையம், வெடித்திருந்தது. நான் அதிபுத்திசாலியாக பிளம்பிங் கடையில் அதே அளவு ஓரிங் வாங்கிக் கொடுத்தேன். மூன்றே வாரத்தில் பெட்ரோலில் ஊறி இட்லி மாதிரி உப்பிவிட்டது. பெட்ரோல் தாங்குகிற ஓரிங்கைப் போட்டதும் பாதிதான் சரியானது, வால்வும் போயிருந்தது.

கம்பெனியில் பம்ப் தனியாகக் கிடையாது, மொத்த அசெம்பிளிதான், 4,800 ரூபாய். பாய் வெளியே வால்வோடு வருகிற பம்ப் மோட்டார் மட்டும் வாங்கி 1,300-க்கு முடித்துவிட்டார். எத்தனால் கலந்த பெட்ரோல்தான் பழைய பம்ப்பைக் கெடுத்தது என்பது அவர் கட்சி. நான் ஒத்துக்கொள்ளவில்லை. பம்ப் பெட்ரோலில் மூழ்கியிருந்தால்தான் சூடு தணியும், நான் பத்து வருஷமாக நூறு ரூபாய்க்குப் போட்டு ரிசர்விலேயே ஓட்டினவன். குற்றம் யார் மேல் என்று எனக்குத் தெரியும்.

இப்போது காலையில் ஒரே தட்டு, எட்டு மாதமாக. ஆனால் பழைய பம்ப் ஊய்ங் என்று பூனை மாதிரி முனகும், எனக்கு அந்தச் சத்தம் பிடிக்கும், வண்டி குட்மார்னிங் சொல்வது போல. புதுசு கீச்சென்று கத்துகிறது. தினமும் காலை ஐந்தே காலுக்கு அந்தக் கீச்சு. சாவி போடும்போதே பல் கூசுகிறது.

மச்சானிடம் வாங்காதே என்று சொல்லிவிட்டேன். கேஜும் பொறுமையும் இருக்கிற மெக்கானிக் பக்கத்தில் இல்லாதவன் பழைய எஃப்ஐ வண்டியைத் தொடக்கூடாது. அவன் ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, "அப்ப உன் வண்டிதான் ரெடியாயிடுச்சே, 28-க்குக் குடு" என்றான். முடியாது என்றேன். 35 என்றான். சாவியைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு டீக்குக் காசு கொடுக்கப் போய்விட்டேன்.