உப்புவெளியா, உவர்மலையா? பள்ளிக்கூடம் போகும் பிள்ளையோடு வீடு பார்த்த கதை

திருகோணமலையில் விசாலமான வீடு, அமைதியான ஒழுங்கை, பிள்ளைக்கு நல்ல பள்ளிக்கூடம், இந்த மூன்றும் ஒரே இடத்தில் வேண்டும் என்று யாரிடம் கேட்டாலும் "உப்புவெளிப் பக்கம் பாருங்கோ" என்றுதான் சொல்வார்கள். நாங்களும் அப்படித்தான் போனோம். வாடகைக்கு இருந்து பார்த்த தைரியத்தில் சொல்கிறேன்: முதல் இரண்டுக்கும் அந்த இடத்தை அடிக்க ஆளில்லை. மூன்றாவதுக்கு அது உதவாது. இப்போது நகரத்துக்குள்ளேயே உவர்மலையில் இருக்கிறோம். வீடு பார்க்கிறவர்களுக்குப் பயன்படட்டும் என்று இரண்டைப் பற்றியும் எழுதுகிறேன்.

என் கணவருக்குச் சீனன்குடாவில் வேலை. எனக்கு நகரத்தில் ஒரு வங்கியில். கூடவே மாமி. வீடு தேடத் தொடங்கியபோது மகளுக்கு மூன்றரை வயது. அந்த வயதிலேயே பள்ளிக்கூட யோசனையா என்று சிலர் சிரித்தார்கள். தரம் 1 அனுமதியில் வீட்டு முகவரிக்கு எவ்வளவு வேலை இருக்கிறது என்று தெரிந்தவர்கள் சிரிக்கவில்லை. அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் வீடு.

நிலாவெளி வீதியிலிருந்து கடல் பக்கமாக இறங்கும் ஒழுங்கையில் 20 பேர்ச் காணி. ஒரு பேர்ச் 272 சதுர அடிச் சொச்சம் என்றால், நகரத்துக்குள் இரண்டு குடும்பம் மதில் போட்டுப் பிரித்துக்கொண்டு இருக்கக்கூடிய இடம் அது. மூன்று அறை, ஓட்டுக்கூரை, முன்னால் அகலமான விறாந்தை, பின்வளவில் ஒரு மாமரம். கார் உள்ளே வந்து திரும்பிப் போகலாம். கச்சான் காற்று அடிக்கிற ஜூன், ஜூலையில் வங்கியிலிருந்து வேர்த்து விறுவிறுத்து வந்தால், பின்னேரம் எழும்புகிற கடல்காற்றுக்கு அந்த விறாந்தையில் அரை மணித்தியாலம் சும்மா இருக்கலாம். கரைவலை இழுக்கிற நாட்களில் மாமி ஒரு சட்டியோடு போய்ச் சூடையும் கீரியும் துடிக்கத் துடிக்க வாங்கி வருவார். சந்தை மீன் அதற்குப் பிறகு அவர் வாய்க்குப் பிடிக்காமல் போனது எனக்குத்தான் கஷ்டம்.

கடலுக்குக் கிட்ட வீடு எடுக்கிறவர்கள் பெயின்டைப் பார்த்து மயங்கக் கூடாது. வீட்டுக்காரர் வாடகைக்கு விடுவதற்கு முதல் வாரம் பெயின்ட் அடித்திருப்பார். கேற்றின் கீலைப் பாருங்கள். எங்கள் வீட்டுக் கேற் வெளியில் பளபளவென்று கறுப்பாக நின்றது. கீலை நகத்தால் சுரண்டினால் அப்பம் பிய்க்கிற மாதிரி துரு தட்டுத் தட்டாகக் கழன்று வந்தது. ஜன்னல் கொளுக்கிகளும் அப்படியே. வாடை தொடங்கி மழை வந்தபோது இரண்டு ஜன்னல் பூட்ட முடியாமல் போய், கயிற்றால் கட்டி வைத்தோம். ஏசியின் வெளிப்பெட்டி கடலைப் பார்த்துப் பொருத்தியிருந்தால் அதன் தகடுகளைக் கையால் தொட்டுப் பாருங்கள், பொடியாக உதிரும். அப்புறம் கிணறு. தண்ணீர் கண்ணுக்குக் கண்ணாடி மாதிரி இருக்கும். ஒரு கேத்தில் தேத்தண்ணி போட்டுக் குடித்தால்தான் உவர் தெரியும். சவர்க்காரம் நுரைக்கிறதா என்றும் கையைக் கழுவிப் பாருங்கள். குழாய்த் தண்ணீர் கந்தளாயிலிருந்து வருகிறது, அதில் குறையில்லை. எந்த வீட்டிலும் நான் முதலில் கேட்பது, குழாய் இணைப்பு யார் பெயரில் இருக்கிறது, பில் பாக்கி இருக்கிறதா என்பதுதான்.

அயலைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. வசதியான ஒழுங்கை என்று சொல்வது சும்மா இல்லை. இரண்டு மாடி, கிரானைட் படி, உயர்ந்த மதில், கமெரா. ஆனால் இரவு எட்டு மணிக்கு அந்த ஒழுங்கையில் நடந்தால் பாதி வீட்டில் வெளிச்சம் இருக்காது. கனடாவிலும் லண்டனிலும் இருக்கிறவர்கள் கட்டியவை. ஆடிக்கு ஒரு தடவை, அமாவாசைக்கு ஒரு தடவை என்று வருவார்கள். மற்ற நாளில் காவலுக்கு ஒரு ஐயாவும் ஒரு நாயும். எங்கள் மகளுக்கு அந்த ஒழுங்கையில் விளையாட ஒரு பிள்ளை இல்லை. சுற்றுலாக் காலத்தில் ஹோட்டல் பக்கத்திலிருந்து பாட்டுச் சத்தம் வேறு. அது எனக்குப் பெரிய விஷயமில்லை, மாமிக்குத்தான் நித்திரை குழம்பும்.

சரி, பள்ளிக்கூடம். உப்புவெளியிலிருந்து நகரத்துக்கு ஐந்து கிலோமீற்றர் அளவில்தான். தரகர் அதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்: "ஐஞ்சு கிலோமீற்றர் ஒரு தூரமா மிஸ்? கொழும்பில இதுக்கு ஒரு மணித்தியாலம் எடுக்கும்." உண்மைதான். ஞாயிற்றுக்கிழமை காலையில் போய்ப் பார்த்தால் பத்து நிமிஷம். பள்ளிக்கூட நாளில் ஏழு மணிக்குப் போய்ப் பாருங்கள். ஏழரைக்கு மணி அடிக்க முன்னர் பிள்ளைகளை இறக்கிவிட நிலாவெளிப் பக்கத்திலிருந்தும் சாம்பல்தீவுப் பக்கத்திலிருந்தும் வருகிற வான்கள், மூன்று பேரை ஏற்றிய மோட்டார் சைக்கிள்கள், புல்மோட்டை பஸ், எல்லாம் ஒரே வீதியில். சண்முகா, இந்துக் கல்லூரி, புனித மரியாள், புனித சூசையப்பர், மெதடிஸ்த என்று ஊரில் பேர்போன பள்ளிக்கூடங்கள் எல்லாம் நகரத்துக்குள். எல்லாருக்கும் ஒரே நேரம்.

அதுகூடப் பரவாயில்லை. நான் தூரத்தைக் காலையில் ஒன்று, மத்தியானம் ஒன்று என்று கணக்குப் பார்ப்பதில்லை, நாலு என்று பார்ப்பேன். ஒன்றரைக்குப் பள்ளிக்கூடம் விட்டு வீட்டுக்கு வந்த பிள்ளையை மூன்றரைக்கு ரியூசனுக்கு ஏற்ற வேண்டும். பெயர் வாங்கிய ஆசிரியர்கள் வகுப்பு வைப்பது நகரத்தில். ஆறு மணிக்கு மறுபடியும் கூட்டி வர வேண்டும். எதிர்வீட்டு அக்காவுக்கு ஏ.எல். படிக்கிற மகன், புலமைப்பரிசிலுக்குப் படிக்கிற மகள். அந்த அக்கா பகலில் தன்னுடைய இருபது பேர்ச் வீட்டில் இருந்ததை நான் கண்டதே குறைவு. நகரத்தில் தங்கச்சி வீட்டில் மத்தியானச் சாப்பாடு, அங்கேயே பிள்ளைகளுக்கு ஒரு பாய், பின்னேரம் ரியூசன், இரவுக்குத்தான் உப்புவெளி. "காசைக் கொட்டிக் கட்டின வீட்டில படுக்கத்தான் வாறம்" என்று அவரே சிரிப்பார்.

அனுமதி விதி இன்னும் இறுக்கமானது. நான் விண்ணப்பித்த வருஷத்துச் சுற்றுநிருபப்படி, தரம் 1 இடங்களில் 50 வீதம் பாடசாலைக்குக் கிட்ட வசிப்பவர்களின் பிள்ளைகளுக்கு, 25 வீதம் பழைய மாணவர்களின் பிள்ளைகளுக்கு, 15 வீதம் ஏற்கெனவே அங்கே படிக்கிற பிள்ளைகளின் சகோதரங்களுக்கு. மிச்சம் பத்தைக் கல்வித்துறை ஊழியர்களும் இடமாற்றத்தில் வந்த அரச ஊழியர்களும் வெளிநாட்டிலிருந்து திரும்பியவர்களும் பங்கு போடுவார்கள். நான் படித்தது மட்டக்களப்பில், இவர் கல்முனையில். மகளுக்கு மூத்தது இல்லை. ஆகவே எங்களுக்கு இருந்தது முதல் கதவு மட்டும்.

அந்தக் கதவில் வாக்காளர் இடாப்பில் ஐந்து வருஷம் பெயர் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். குறைந்தால் இருக்கிற வருஷத்துக்குத் தக்க புள்ளி. சொந்த வீட்டு உறுதிப் பத்திரத்துக்குக் கிடைக்கிற புள்ளி வாடகைக் குத்தகைக்குக் கிடைக்காது. குத்தகை என்றாலும் பதிவு செய்ததாக இருக்க வேண்டும், கடைத்தாளில் எழுதிக் கையெழுத்து வைத்தது போதாது. இவ்வளவையும் சமாளித்தாலும் தூரத்தில் விழுந்துவிடுவீர்கள். வீட்டை நடுவில் வைத்து, கேட்கிற பாடசாலை வரைக்கும் வரைபடத்தில் ஒரு வட்டம் போடுவார்கள். அந்த வட்டத்துக்குள் பிள்ளையைச் சேர்க்கக்கூடிய வேறு அரச பாடசாலை இருந்தால், ஒவ்வொன்றுக்கும் புள்ளி வெட்டு. உப்புவெளியிலிருந்து நகரம் வரைக்கும் வட்டம் போட்டால் எத்தனை பாடசாலை விழும் என்று யோசியுங்கள். "பாதி வட்டம் கடலுக்குள்ள தானே விழுது" என்று இவர் ஆறுதல் சொன்னார். கரையில் விழுந்த பாதியே எங்களுக்குப் போதுமாக இருந்தது.

உப்புவெளியில் பிள்ளைகளே படிப்பதில்லை என்று சொல்ல வரவில்லை. பக்கத்துப் பாடசாலையில் சேர்த்து, ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசிலில் நல்ல புள்ளி எடுத்தால் தரம் 6க்கு நகரத்துக்கு வரலாம், அப்படி வந்த பிள்ளைகள் நிறைய. 1923இல் தொடங்கிய சண்முகாவின் பெயருக்காக மூன்றரை வயதுப் பிள்ளையை வைத்துக்கொண்டு வீடு மாறுவது பைத்தியக்காரத்தனம் என்று என் தம்பி சொன்னான். அவனுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை.

வாங்குகிற யோசனையும் இடையில் வந்தது. அலஸ்தோட்டத்தில் ஒரு வீடு, புது டைல்ஸ், சமையலறையில் பலகை அலுமாரி, விலையும் ஆச்சரியப்படும்படி குறைவு. குறைந்த காரணம் தாளில் இருந்தது. அது பெர்மிட் காணி, அரசாங்கம் அனுமதிப்பத்திரத்தில் கொடுத்தது. 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொடுத்த அப்படிப்பட்ட காணியைப் பிரதேச செயலாளரின் அனுமதி இல்லாமல் கைமாற்ற முடியாது. "அதெல்லாம் மாத்திக்கலாம் மிஸ், எல்லாரும் செய்யினம்" என்றார் தரகர். வங்கியில் இருக்கிற எனக்கு எல்லாரும் செய்தது எப்படிக் கடன் மேசையில் வந்து நிற்கும் என்று தெரியும். கடற்கரைக் காணி என்றால் இன்னொன்று: கரையிலிருந்து உள்ளே 300 மீற்றர் வரைக்கும் கரையோரப் பாதுகாப்புச் சட்டத்தின் வலயம். மேல்மாடி போட நினைத்தால் அனுமதி இருக்கிறதா என்று கட்டுகிறதுக்கு முதல் கேட்க வேண்டும்.

அந்தத் தரகருக்கு ஒரு வரி நியாயமும் சொல்ல வேண்டும். வீடு காட்டுவதில் கெட்டிக்காரர், சொன்ன நேரத்துக்கு வருவார், சாவி தேடி அலைய விட மாட்டார். உறுதியின் பிரதி கேட்டால்தான் அவருக்கு போன் வந்துவிடும்.

லிங்கநகரிலும் பார்த்தோம். கிணற்றுத் தண்ணீர் நல்லது, விலை தாங்கலாம். நாங்கள் பார்த்த வீடு வீதியை விடப் பள்ளத்தில் இருந்தது. உள்சுவரில் முழங்கால் உயரத்துக்குக் கீழே மட்டும் புதுச் சுண்ணாம்பு. நவம்பர் வெள்ளத்தின் கோடு எங்கே நின்றிருக்கும் என்று கேட்க வேண்டியிருக்கவில்லை.

உவர்மலை வீடு ஒன்பது பேர்ச். அதைப் பற்றி யாரும் பெருமையாகச் சொல்ல மாட்டார்கள். இரண்டு அறை, மூன்றாவது என்று சொல்வது உண்மையில் மூடிய விறாந்தை. கார் வெளியில் ஒழுங்கையில்தான் நிற்கும். மேட்டில் இருப்பதால் பகலில் குழாயில் நூல் மாதிரிதான் தண்ணீர், இரவில் தாங்கி நிரப்பி வைத்தால் அடுத்த நாள் சமாளிக்கலாம். பின்சுவரில் ஈரம். ஆனால் ஒழுங்கையில் எல்லா வீட்டிலும் விளக்கு எரிகிறது. மாவட்டச் செயலகமான கச்சேரியிலும் மாகாண அலுவலகங்களிலும் வேலை செய்கிறவர்கள், ஆசிரியர்கள், ஆஸ்பத்திரித் தாதிமார். நாலு மணிக்கு மேல் ரென்னிஸ் பந்தில் கிரிக்கெட். எங்கள் மகளை விக்கெட்டுக்குப் பின்னால் நிறுத்திவிடுவார்கள், அவளுக்கு அதுவே போதும். தாங்கிக்கு ஏறும் படியில் நின்றால் மரங்களுக்கு நடுவில் உட்துறைமுகத்தில் ஒரு துண்டு தெரியும். "கடல் காட்சி" என்று விளம்பரத்தில் போட்டிருந்தது இதைத்தான்.

மகளின் பள்ளிக்கூடத்தின் பெயரைப் பொதுவில் எழுத விருப்பமில்லை. மாமி கையைப் பிடித்துக்கொண்டு நடந்து போகிறாள், அவ்வளவு போதும். வட்டம் சின்னதாக இருந்தபடியால் புள்ளியும் பெரிதாக வெட்டுப்படவில்லை. வான் காசு மிச்சம். நான் ஏழே காலுக்குத் தேத்தண்ணியை இருந்து குடித்துவிட்டு வங்கிக்குப் போகிறேன். இவருக்குத்தான் பழைய வீட்டு மாமரமும் கார் நிறுத்துகிற இடமும் கனவில் வருகிறதாம்.

பிள்ளைகள் படித்து முடித்தவர்கள், ஓய்வெடுத்தவர்கள், நகரப் பள்ளிக்கூடத்தில் பழைய மாணவர் என்ற பிடி ஏற்கெனவே உள்ளவர்கள், இவர்கள் யோசிக்காமல் உப்புவெளிக்குப் போகலாம். வீட்டில் ஒரு ஆள் முழு நாளும் வாகனம் ஓட்டத் தயார் என்றாலும் சரி.

நாங்கள் இந்த உவர்மலை வீட்டையே வாங்குவதாகப் பேச்சு நடக்கிறது. நொத்தாரிசு காணிப் பதிவகத்தில் 30 வருஷத்து உரித்தைத் தேடிக்கொண்டிருக்கிறார். முத்திரைத் தீர்வை முதல் ஒரு லட்சத்துக்கு 3 வீதம், மிச்சத்துக்கு 4 வீதம் என்று அதையும் எடுத்து வைத்தாயிற்று. பின்சுவர் ஈரத்துக்கு விலையில் எவ்வளவு கழிப்பது என்பதில்தான் இழுபறி. அது ஈரமே இல்லை, பெயின்ட் பழசு என்கிறார் வீட்டுக்காரர். மழை தொடங்கட்டும், வந்து தொட்டுப் பாருங்கோ என்று சொல்லியிருக்கிறேன்.