தூரத்துப் பிரிண்டருக்கு எந்த வழி: கிளவுடா, எஸ்எஸ்ஹெச்சா, விபிஎன்னா?

வீட்டில் உட்கார்ந்து அலுவலகப் பிரிண்டரில் அச்சிட வேண்டும், நடுவில் ஃபயர்வால், அதாவது வெளியிலிருந்து வருவதைத் தடுக்கும் காவல். அவசரத்தில் பலரும் செய்வது ரவுட்டரில் 9100 போர்ட்டை, அதாவது பிரிண்டர் அச்சு வேலையை வாங்கும் எண்ணிட்ட வாசலை, திறந்துவிடுவதுதான். உடனே வேலை செய்யும், ஆனால் யாருக்கு வேண்டுமானாலும் வேலை செய்யும். அந்தப் போர்ட் பாஸ்வேர்டு கேட்காது, வருவதை அப்படியே அச்சடித்துத் தள்ளும். 2018-இல் இப்படித் திறந்து கிடந்த ஆயிரக்கணக்கான பிரிண்டர்களில் ஒருவர் யூடியூப் சேனலுக்கு விளம்பரமே அச்சிட்டார். என்கிரிப்ஷனும் (பிறர் படிக்க முடியாதபடி மாற்றி அனுப்புவது) கிடையாது என்பதால், நீங்கள் அனுப்பும் சம்பளப் பட்டியலை வழியில் யாரும் படிக்கலாம். இந்த வழி வேண்டாம்.

கிளவுட் பிரிண்டிங்கில் ஃபயர்வாலைத் தொடவே வேண்டாம். பிரிண்டரே உள்ளிருந்து வெளியே போய் வேலையை வாங்கி வரும். நோகாத வழிதான், ஆனால் கோப்பு இன்னொருவர் சர்வர் வழியாகப் போகிறது. கடையை மூடினால் நாமும் தெருவில்தான்: கூகிள் கிளவுட் பிரிண்ட் 2020 கடைசியோடு நின்றுபோனது.

ஒரே ஆள், எப்போதாவது அச்சிடுபவர் என்றால் எஸ்எஸ்ஹெச் டனல், அதாவது இரண்டு கணினிகளுக்கு நடுவே பூட்டிய குழாய் போன்ற இணைப்பு, போதும். அலுவலகத்துக்குள் ஒரு லினக்ஸ் கணினி இருந்தால் சரி. உங்கள் லேப்டாப்பின் 9100-ஐ அதன் வழியாகப் பிரிண்டரின் 9100-க்குத் திருப்பிவிட்டு, பிரிண்டர் முகவரியாக 127.0.0.1, அதாவது உங்கள் லேப்டாப்பையே, கொடுக்க வேண்டும். லேப்டாப் தூங்கினால் டனல் அறுந்துவிடும், வேலை வரிசையிலேயே கிடக்கும். நாலு பேருக்கு இதைச் சொல்லிக்கொடுக்கப் போனால் நாள் போய்விடும்.

நாலு பேர் என்றால் என் ஓட்டு விபிஎன்னுக்கு (வெளியிலிருந்தே அலுவலக நெட்வொர்க்கோடு பாதுகாப்பாக இணைக்கும் வழி), அதிலும் வயர்கார்டு என்ற விபிஎன் மென்பொருளுக்கு. ஃபயர்வாலில் ஒரே ஒரு யுடிபி போர்ட் திறந்தால் போதும், வழக்கமாக 51820. சரியான கீ இல்லாதவர் தட்டினால் பதிலே வராது. வருகிறவர்களைப் பிரிண்டரின் ஐபி வரை மட்டும் விடுங்கள், மொத்த நெட்வொர்க்கையும் திறக்காதீர்கள்.

ஆனால் விபிஎன்னிலும் பிரிண்டர் தானாகப் பட்டியலில் வந்து நிற்காது. பிரிண்டரைத் தானாகக் கண்டுபிடிக்கும் தேடல் உள் நெட்வொர்க்கைத் தாண்டாது. ஐபி கொடுத்துத்தான் சேர்க்க வேண்டும், அது மாறாதபடி ரவுட்டரில் ஒதுக்கியும் வைக்க வேண்டும். அப்புறம் விண்டோஸ் ‘ஆஃப்லைன்’ என்று அடம்பிடிக்கலாம். பிங் (பிரிண்டர் எட்டுகிறதா என்ற சோதனை) போகும், அச்சு வராது. நான் அரை நாள் டிரைவரை மாற்றி மாற்றிப் பார்த்தேன். பிரிண்டரின் நிலையை விண்டோஸ் எஸ்என்எம்பி என்ற, சாதனங்களின் நிலையை விசாரிக்கும் முறை வழியாக, 161 போர்ட்டில் கேட்கிறது. நானோ 9100-ஐ மட்டும் விட்டிருந்தேன். போர்ட் அமைப்பில் ‘எஸ்என்எம்பி ஸ்டேட்டஸ்’ டிக்கை எடுத்ததும், காலையிலிருந்து தேங்கிய பதினொரு பக்கமும் ஒரே மூச்சில் வந்து விழுந்தன.