இளையராஜா சார் பிஜிஎம்ல எது டாப்? பல வருசம் கேட்டுப் பொழங்கினப்புறம் நான் போடற வரிசை

மொதல்லயே சொல்லிடறேன், இது பாட்டு லிஸ்ட் இல்ல. ஆயிரம் படத்துக்கு மேல பண்ணவருக்கு பாட்டுல டாப் டென் போடறது வெட்டி வேலை, பத்து எந்த மூலைக்கு. இது ரீரெக்கார்டிங் மட்டும், அதாவது சீனுக்குப் பின்னால ஓடற பின்னணி இசை, பிஜிஎம், ஆர்ஆர்னு சொல்லுவாங்கல்ல அது. அதுவும் நேத்து ஒரு படம் பாத்துட்டு புல்லரிச்சு எழுதறது இல்ல. கேசட்ல ஆரம்பிச்சு விசிடி, டிவிடி, ரிங்டோன், இப்ப ஹெட்ஃபோன் வரைக்கும் கூடவே வச்சிருந்ததுல எது தாங்குச்சு, எது தேஞ்சு போச்சுங்கற கணக்கு.

எந்த ராஜா ஃபேன்கிட்ட வேணா கேட்டுப் பாருங்க, மௌன ராகம், நாயகன், தளபதி, புன்னகை மன்னன் தீம், இந்த நாலும் மொத அஞ்சுக்குள்ள கண்டிப்பா இருக்கும். கொஞ்சம் வயசானவங்கன்னா ஜானி, உதிரிப்பூக்கள், முள்ளும் மலரும்னு டைரக்டர் மகேந்திரன் பக்கம் போயிடுவாங்க. டைரக்டர் பாலா கோஷ்டின்னு ஒண்ணு இருக்கு, அவங்களுக்கு சேது, பிதாமகன், நான் கடவுள் தாண்டி வேற எதுவும் காதுல ஏறாது. இதுல எந்தக் கோஷ்டியும் தப்பு இல்ல, ஆனா எல்லாரும் ஒரு விசயத்துல ஒரே மாதிரி, ஸ்கோர, அதாவது மொத்தப் பின்னணி இசைய வச்சு ரேங்க் போடறதா நெனச்சுக்கிட்டு தீம வச்சுப் போடறாங்க. ஹம் பண்ண முடியற ஒரு அரை நிமிசம் இருக்கா, அது ரிங்டோனா வந்துச்சா, அப்ப அது பெஸ்ட். ரெண்டரை மணி நேரப் படத்துல மிச்ச நேரம் அந்த மனுசன் என்ன பண்ணியிருக்கார்னு யாரும் கேக்கறதில்ல.

அதனாலதான் மௌன ராகத்த நான் அஞ்சாவது எடத்துக்கு இறக்கினேன், திட்டறவங்க திட்டிக்கோங்க. 1986ல வந்த படம், அந்த தீம் மாதிரி ஒண்ண இன்னைக்கு வரைக்கும் யாரும் போடலன்னு நானும் சொல்லுவேன். ஆனா பல வருசம் அதையே ரிங்டோனா வச்சிருந்த பாவத்துக்கு இப்ப படத்துல ரேவதியும் மோகனும் பேசாம ஆளுக்கொரு பக்கம் நிக்கற எடத்துல அந்த தீம் ஆரம்பிச்சா என் கை தானா சட்டைப் பாக்கெட்டுக்குப் போவுது. பக்கத்து சீட்டு ஆளுக்கும் அப்படித்தான், ஒரு தடவ தியேட்டர்ல ஸ்பெசல் ஷோ போட்டப்ப நாலஞ்சு பேர் ஒரே நேரத்துல ஃபோன எடுத்துப் பாத்தாங்க. படத்துல இருந்து பிச்சு எடுத்து தனியா பொழங்கிப் பொழங்கி அந்த இசைக்கும் படத்துல அவங்க இருக்கற டெல்லி வீட்டுக்கும் இருந்த ஒட்டு விட்டுப் போச்சு. கார்த்திக் வர்ற போர்சன் மட்டும் இன்னும் புதுசா இருக்கு, அத யாரும் ரிங்டோனா அவ்வளவா வைக்கல போல.

அப்ப நான் எப்படிப் பாக்கறேன்னா, ரெண்டு சோதனை. ஒண்ணு மியூட் சோதனை, அந்த சீன சவுண்ட் இல்லாம ஒரு தடவ, சவுண்டோட ஒரு தடவ பாக்கறது. ரெண்டாவது தலைகீழ், படமே இல்லாம இருட்டுல படுத்துக்கிட்டு இசைய மட்டும் கேக்கறது. இந்த ரெண்டாவதுதான் சிக்கல், ஏன்னா எண்பதுகள்ல வந்த படங்களோட பிஜிஎம் தனியா கேசட்டா தட்டா முறையா வந்ததே கொறச்சல். நமக்குக் கெடைக்கறது எல்லாம் யாரோ புண்ணியவான் டிவிடில இருந்து வெட்டி எடுத்தது, வயலின் ஏறிக்கிட்டு வர்ற எடத்துல கரெக்ட்டா யாராவது "சாப்பிட்டியா"ன்னு கேப்பாங்க, கதவு சாத்தற சத்தம் வரும். இப்ப வசனத்தப் பிரிச்சு எடுக்கற ஆப் எல்லாம் வந்திருக்கு, போட்டுப் பாத்தேன், தண்ணித் தொட்டிக்குள்ள தலைய விட்டுக் கேக்கற மாதிரி இருக்கு, வேணாம். அதுக்கு வசனத்தோடயே கேட்டுரலாம். இன்னொன்னு, பழைய படம் பெரும்பாலும் மோனோ, எல்லா சத்தமும் ஒரே சேனல்ல வரும், அத வெலை ஒசந்த ஹெட்ஃபோன்ல கேட்டா நடுமண்டைல மொத்தமா குமிஞ்சு நிக்கும், ஒரு சாதாரண ஸ்பீக்கர்ல ரூம்ல விட்டுக் கேட்டா பேஸ் கிட்டார் நடக்கறது கூட தெளிவா கேக்கும்.

புன்னகை மன்னன் தீம் லிஸ்ட்லயே இல்ல. அந்தக் காலத்துல கம்ப்யூட்டர்ல இசை போட்டாங்கன்னு ஊரே பேசுச்சு, அந்த மெலடி இன்னும் அப்படியே நிக்குது, ஆனா அந்த சிந்தசைசர் சத்தத்துக்கு வயசாயிடுச்சு. அதே வருசம் ராஜா சார் சினிமாவுக்கு வெளிய தனியா போட்ட "ஹௌ டு நேம் இட்" ஆல்பத்த எடுத்துக்கோங்க, வி.எஸ்.நரசிம்மன் வயலின் வாசிச்சிருப்பார், நேத்து ரெக்கார்ட் பண்ண மாதிரி இருக்கு. அந்த ஆல்பத்தத்தான் பாலு மகேந்திரா தன்னோட வீடு படத்துக்கு பின்னணியா எடுத்து வச்சுக்கிட்டார், அது அவ்வளவு அழகா உக்காந்ததால நெறைய பேர் வீடு பிஜிஎம்ம டாப் லிஸ்ட்ல சேக்கறாங்க. படத்துக்குன்னு எழுதாத இசைக்கு ஆர்ஆர் மார்க்கு போட எனக்கு மனசு வரல, அதனால வெளிய. பெருமை போய்ச் சேர வேண்டியது எடுத்து வச்ச டைரக்டருக்கு.

நாலாவது ஹே ராம். இதுக்குப் பின்னால இருக்கற கத எல்லாருக்கும் தெரியும், மொதல்ல வயலின் வித்வான் எல்.சுப்ரமணியம் இசையில பாட்டெல்லாம் ஷூட் பண்ணி முடிச்சாச்சு, அப்புறம் அவர் விலகினதும் ராஜா சார் வந்து ஏற்கனவே எடுத்த காட்சியில உதட்டசைவுக்கு ஒக்கற மாதிரி புதுசா பாட்டுப் போட்டார். அத கேட்டா பாட்டத்தான் எல்லாரும் மெச்சுவாங்க, ஆனா புடாபெஸ்ட் ஆர்கெஸ்ட்ராவ வச்சு பண்ண அந்த பின்னணி இசைதான் படத்தத் தூக்கி நிறுத்துது, கல்கத்தா கலவர சீன்லாம் மியூட்ல பாத்தா வெறும் ஓட்டமும் நெருப்பும்தான். ஏன் நாலாவதுன்னா, திரும்பத் திரும்பக் கேக்க முடியாது. வருசத்துக்கு ஒரு தடவ தாங்கும். கார்ல போட்டுட்டு ஆபீஸ் போற சமாச்சாரம் இல்ல அது.

மூணாவது நாயகன், 1987. "தென்பாண்டிச் சீமையிலே"ங்கற ஒரே மெட்ட வச்சுக்கிட்டு மொத்தப் படத்தையும் கட்டியிருக்கார். ஊர்ல இருந்து ஓடி வந்த பையனுக்கும் அதுதான், பம்பாய்ல பெரியவரா ஆனப்புறமும் அதுதான், கடைசியில பேரன் வந்து "நீங்க நல்லவரா கெட்டவரா"ன்னு கேட்டப்புறமும் அதுதான். அதே நோட்டு, ஆனா ஒவ்வொரு தடவையும் எடம் மாறும்போது கனம் மாறுது. இந்த சிச்சுவேசனுக்கு மொதல்ல போட்ட மெட்டுதான் பின்னாடி "நிலா அது வானத்து மேலே"யா ஆச்சுன்னு அவரே மேடையில மெதுவா தாலாட்டு மாதிரி பாடிக் காட்டியிருக்கார், அத கேட்டப்புறம் நிலா பாட்டுக்கு ஆடவே தோணல எனக்கு.

ரெண்டாவது தளபதி. இது மூணா ரெண்டான்னு என் மச்சானுக்கும் எனக்கும் தீராத சண்டை, அவன் நாயகன் கட்சி. நான் தளபதிய மேல வைக்கறதுக்கு ஒரே காரணம் அந்தக் கோயில் சீன். அம்மாவும் மகனும் ஒரே கோயில்ல நிக்கறாங்க, யார் யாருன்னு ரெண்டு பேருக்கும் தெரியாது. தூரத்துல ரயில் ஊதுது. ஸ்ரீவித்யா முகம் அப்படியே நின்னு போவுது, ரஜினியும் திரும்பறார், அவ்வளவுதான். மியூட்ல பாருங்க, கோயில்ல சும்மா ரெண்டு பேர் நிக்கறாங்க, ஒண்ணுமே நடக்கல. சவுண்டோட பாருங்க, படத்தோட தொடக்கத்துல கறுப்பு வெள்ளையில ஒரு சின்னப் பொண்ணு கொழந்தைய கூட்ஸ் வண்டியில விட்டுட்டுப் போனது, ஜானகியம்மா குரல்ல வந்த "சின்னத்தாயவள்", எல்லாம் அந்த ஒரு ஊதல் சத்தத்துல திரும்பி வந்துருது. ரயில் சத்தம்ங்கறது சவுண்ட் எஃபெக்ட் பண்றவங்க டிபார்ட்மெண்ட்டு, அது எங்க முடிஞ்சு இசை எங்க ஆரம்பிக்குதுன்னு பிரிக்க முடியாத அளவுக்கு இழைச்சு வச்சிருக்காங்க. வசனமே தேவப்படாத எடத்துல வசனம் எழுதாம விட்ட மணிரத்னத்துக்கும் அதுல பங்கு உண்டு, இல்லன்னு சொல்லல. ரஜினியோட சூர்யாவும் ஷோபனாவோட சுப்புவும் பிரியற சீன் தனி, அத பத்தி எழுத ஆரம்பிச்சா இந்தப் பதிவு முடியாது.

மொத எடம் ஓநாயும் ஆட்டுக்குட்டியும்.

ஆமா, தெரிஞ்சுதான் சொல்றேன். 2013ல வந்தது, ராஜா சாருக்கு எழுபது வயசு, படத்துல ஒரு பாட்டு கெடையாது. டைரக்டர் மிஷ்கின் டைட்டில்ல பேக்ரவுண்டுன்னு போடாம ஃபோர்கிரவுண்டுன்னு போட்டார், அப்ப கொஞ்சம் ஓவரா தெரிஞ்சாலும் படம் பாத்தா சரின்னு தோணும். ராத்திரி ரோட்டுல குண்டடி பட்டு ஒருத்தன் கெடக்கறான், மருத்துவம் படிக்கற பையன் அவன வீட்டுக்குத் தூக்கிட்டுப் போய் தானே ஆப்பரேசன் பண்றான், அங்க ஆரம்பிச்சு படம் முழுக்க ராத்திரியும் ஓட்டமும்தான். ஓடறவன் யாரு, எதுக்கு ஓடறான், நல்லவனா கொலைகாரனா, ரொம்ப நேரத்துக்கு வசனம் ஒண்ணும் சொல்லாது. ஆனா அந்த ஸ்ட்ரிங்ஸ், வயலின் கூட்டம் இருக்கே, அது மொதல்ல இருந்தே அவன் பக்கம் எரக்கத்தோட நிக்குது. போலீஸ் அவன மிருகம்ங்குது, இசை அப்படிச் சொல்லல. சுடுகாட்டுல மெழுகுவத்திய ஏத்தி வச்சுக்கிட்டு அந்தச் சின்னப் பொண்ணுக்கு அவன் கத சொல்றப்பதான் நமக்கு விசயம் தெரியுது, இசைக்கு மட்டும் முன்னாடியே தெரிஞ்சிருக்கு. ரெண்டாவது தடவ பாக்கும்போதுதான் இது புடிபடும், மொத தடவ கத போற வேகத்துல கவனிக்க முடியாது.

மியூட் சோதனையில பாஸா, பாஸ். அடுத்தது, இந்த ஒரு படத்துக்குத்தான் ரெண்டாவது சோதனையும் ஒழுங்கா பண்ண முடிஞ்சுது, ஏன்னா பிஜிஎம்ம வசனம் இல்லாம ஒவ்வொரு துண்டுக்கும் தனிப் பேரு வச்சு முறையா வெளியிட்டாங்க. இருட்டுல படுத்துக் கேட்டிருக்கேன், நைட் பஸ்ல விழுப்புரம் தாண்டி எல்லாரும் தூங்கினப்புறம் கேட்டிருக்கேன், வேல பாத்துக்கிட்டே கேட்டிருக்கேன், படம் பாக்காத ஆளு கேட்டாலும் முழுசா ஒரு கச்சேரி கேட்ட நெறைவு வரும். இத்தன வருசத்துல சலிக்கல. ரிங்டோனா வெட்டி எடுக்கற மாதிரி ஹம்மிங் எதுவும் இல்லாதது அதுக்கு நல்லதாப் போச்சு.

கொறையும் இருக்கு. முன்பாதியில சில எடத்துல இசை கொஞ்சம் ஜாஸ்தி, துரத்தல் சீன்ல மூச்சு விடவே எடமில்ல, இதே சீன மகேந்திரன் பண்ணியிருந்தா ராஜா சார் பாதிய வெறுமனே விட்டிருப்பார்னு தோணும். ஜானியில ஸ்ரீதேவி வாயத் தொறந்து கல்யாணம் பண்ணிக்கலாமான்னு கேக்கற சீன் இருக்குல்ல, அங்க இசை எவ்வளவு ஒதுங்கி நிக்குதுன்னு பாத்தவங்களுக்கு நான் சொல்றது புரியும். அந்த அடக்கத்துக்காகவே ஜானிய ஆறாவதா எழுதிக்கோங்க.

தேசிய விருத வச்சு வாதாடறவங்களுக்கு ஒண்ணு, பின்னணி இசைக்குன்னு தனியா அவருக்குக் கெடச்சது பழசி ராஜாவுக்கும் ஆயிரமாவது படமான தாரை தப்பட்டைக்கும்தான், ரெண்டுமே நல்லா இருக்கும், ஆனா இந்த மொத ஆறுக்குள்ள ரெண்டையும் என்னால நுழைக்க முடியல. அதே மாதிரி கன்னடத்துல மணிரத்னத்தோட மொதப் படம் பல்லவி அனுபல்லவிய ஏன் விட்டேன்னு கேப்பீங்க, அந்த டியூன பின்னாடி ஒரு செல்போன் கம்பெனி விளம்பரத்துல போட்டு நாள் பூரா ஓட்டினாங்க, மௌன ராகத்துக்கு ஆன கதிதான் அதுக்கும்.

மிச்சம் இருக்கறது மலையாளத்துல 1997ல வந்த குரு. அதுக்கும் புடாபெஸ்ட்லதான் ரெக்கார்டிங். கேரளாக்கார நண்பர் அதத்தான் நம்பர் ஒன்னுன்னு அடிச்சு சொல்றார், என்கிட்ட இருக்கற காப்பியில சவுண்டு கரகரன்னு இருக்கறதால ரெண்டு சோதனையும் இன்னும் பண்ணல, நல்ல பிரிண்ட் கெடச்சதும் பாத்துட்டு வரிசைய மாத்தணும்னா மாத்தறேன், மச்சான் மட்டும் அதுக்குள்ள நாயகன ரெண்டாவதா ஏத்தச் சொல்லி வரக்கூடாது.