பழைய வேல்ஸ் கல்வீட்டுக்குச் சுண்ணாம்பா, சிமெண்டா?

வேல்ஸின் மேற்கே, பெம்புரோக்‌ஷயரில் ஒரு பழைய பண்ணை வீட்டை வாங்கியவருக்கு முதல் மழைக்காலத்திலேயே இந்தக் கேள்வி எழும்: கல் இடுக்குகளில் எதைப் பூசுவது? நாங்கள் சுண்ணாம்புக்குப் போனோம். இன்றைக்குக் கேட்டாலும் அதைத்தான் சொல்வேன்.

சிமெண்டின் நன்மைகள் தெரிந்தவைதான். விலை குறைவு, சீக்கிரம் இறுகும், எந்தக் கொத்தனாரும் செய்வார். புது வீட்டுக்கு அது போதும். பழைய சுவரின் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்தால்தான் சிக்கல் புரியும்.

இந்தச் சுவர்கள் ஒரே கட்டாக எழுந்தவை அல்ல. வெளியே ஒரு கல் வரிசை, உள்ளே ஒரு கல் வரிசை, நடுவில் சிறுகல்லும் மண்ணும் போட்ட நிரப்பு. பருமன் இரண்டடிக்குக் குறையாது, சில இடங்களில் மூன்றடியையும் தொடும். கற்களைப் பிடித்து வைத்திருப்பது பெரும்பாலும் களிமண் சாந்து, அதில் கொஞ்சம் சுண்ணாம்பு. ஓதம் ஏறாமல் தடுக்க அடியில் எந்த அடுக்கும் கிடையாது. பெய்த மழையைக் கொஞ்சம் உறிஞ்சி, காற்றிலும் அடுப்புச் சூட்டிலும் திரும்ப வெளியே விடும் கட்டுமானம் இது.

கார்டிஃப் அருகே செயின்ட் ஃபேகன்ஸ் திறந்தவெளி அருங்காட்சியகத்துக்குப் போனால் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். அங்கே பெயர்த்துக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கும் கிலெவென்ட் வீடு, மனிதரும் மாடும் ஒரே கூரைக்குக் கீழ் இருந்த நீள்வீடு. 1470 வாக்கில் மரச்சட்டத்தில் எழுந்து, 1734-இல் கல்லாக மாற்றிக் கட்டப்பட்டது. வடக்கே வைன்வவுரிலிருந்து வந்த கரெக் வவுர் என்ற கல்வீடு 1544-ஐச் சேர்ந்தது. இன்றைய சிமெண்டின் முன்னோடியான போர்ட்லேண்ட் சிமெண்டுக்கு ஜோசப் ஆஸ்ப்டின் காப்புரிமை பெற்றதே 1824-இல்தான்; இந்த வீடுகள் எழுந்தபோது அது இல்லை. எங்கள் பக்கம் சொல்வா துறைமுகத்தில் சுண்ணாம்புக் காளவாய்கள் வரிசையாக இன்றும் நிற்கின்றன. சுண்ணாம்புக்கல் படகில் வந்து இறங்கி அங்கே வெந்தது. வயலுக்குத்தான் பெரும்பங்கு போனது, ஆனால் கட்டடத்துக்கும் அதே சுண்ணாம்புதான்.

என் முடிவைத் தீர்மானித்தது ஒன்றுதான்: உள்ளே புகுந்த தண்ணீர் எந்த வழியாக வெளியேறும்? சிமெண்டுப் பூச்சு கெட்டி, சுவரோ காலப்போக்கில் அசைந்துகொடுக்கும். அசையும்போது கல்லுக்கும் பூச்சுக்கும் நடுவே மயிரிழை விரிசல் விழுகிறது. மேற்குக் காற்றோடு வரும் மழை அந்த இழை வழியே உள்ளே போய்விடும். போனது திரும்பி வர சிமெண்டு விடாது. அது உள்நிரப்பில் தங்கி, களிமண்ணைக் கரைத்து, கடைசியில் உட்பக்கம் கசியும். இதில் பெரிய செலவு பூச்சில் இல்லை, உத்தரத்தில் இருக்கிறது. ஓக் உத்தரங்களின் முனைகள் சுவருக்குள் புதைந்திருப்பதால், அவை உளுத்துப்போவது வெளியே தெரியாது. உறைபனிக் காலத்தில் சிமெண்டு அப்படியே நிற்க, பக்கத்துக் கல்லின் முகம்தான் உதிர்கிறது. பிறகு சிமெண்டைக் கொத்தி எடுக்கப் போனால் கல்லின் விளிம்பும் சேர்ந்து வந்துவிடும். எங்கள் வீட்டின் மேற்குச் சுவரில் முன்பு யாரோ பூசிய சிமெண்டை எடுத்தபோது, பின்னால் இருந்த மண் கையில் பிசைய வந்தது.

சுண்ணாம்பு கல்லைவிட மென்மையானது. தேய வேண்டி வந்தால் அது தேயும், கல் தப்பிக்கும். சின்ன விரிசல்களில் சுண்ணாம்பு கரைந்து மறுபடி படிந்து தானே அடைத்துக்கொள்ளும். பூச்சுக்கு மேல் மெல்லிய நாலைந்து கை சுண்ணாம்பு வெள்ளையடித்தால் மழை தாங்கும் திறன் இன்னும் கூடும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மீண்டும் அடிக்க வேண்டும். இது தொடர்ந்து வரும் வேலை, ஆனால் ஏணியும் தூரிகையும் போதும்.

சிரமமும் உண்டு. கூலி அதிகம், இந்த வேலை தெரிந்த ஆள் கிடைப்பது அரிது. ஐந்து டிகிரிக்குக் கீழே குளிர் இறங்கினால் வேலை செய்யக்கூடாது, ஆகவே வசந்தம் முதல் இலையுதிர்காலத் தொடக்கம் வரைதான் காலம். வெயிலிலும் வேகமாக உலரக்கூடாது. ஈரச் சாக்கு போர்த்தி, நனைத்து நனைத்துப் பார்க்க வேண்டும். அவசரக்காரருக்கு இது ஒத்துவராது.

கடையில் நீரிலும் இறுகும் சுண்ணாம்பு 2, 3.5, 5 என்று மூன்று தரத்தில் கிடைக்கும். எண் கூடினால் கெட்டியும் கூடும். நாங்கள் 3.5-ஐ இரண்டரைப் பங்கு கரகரப்பான மணலோடு கலந்தோம். நீற்றி ஊறவைத்த சுண்ணாம்புக் களி இன்னும் மென்மை. எங்கள் மழைமுகச் சுவரில் அதைப் போட்டுப் பார்த்ததில்லை என்பதால் அதை வேண்டாம் என்று சொல்ல எனக்கு உரிமையில்லை. புகைபோக்கியின் உச்சிக்கு 5 போடுவோரும் உண்டு. உட்புறம் சணல்-சுண்ணாம்புக் காப்புப் பூச்சைப் பற்றியும் என் அனுபவம் ஒரே ஒரு அறையோடு நிற்கிறது. இதுவரை நன்றாக இருக்கிறது, அவ்வளவுதான் சொல்ல முடியும்.

வீடு பாதுகாக்கப்பட்ட கட்டடப் பட்டியலில் இருந்தால், கொத்தத் தொடங்கும் முன் உள்ளூர்க் கவுன்சிலில் அனுமதி தேவையா என்று கேளுங்கள். அதோடு, சுவரை ஒட்டி மண் உயர்ந்திருக்கிறதா, மழைநீர்க் குழாய் ஒழுகுகிறதா என்று முதலில் பாருங்கள். அவற்றைச் சரிசெய்யாமல் எந்தச் சுண்ணாம்பு போட்டாலும் கீழ்ச் சுவர் உலராது.