சீ பர்ஸ்லேன் நாற்றுத் தட்டு: கடலோர மாடிக்கு வாங்கலாமா?

வெர்சோவா, வர்லிப் பக்கம் கடல் பார்த்த மாடிகளில் கொத்தமல்லியும் வெந்தயக்கீரையும் உப்புக் காற்றில் நுனி கருகி நிற்கும். அந்த இடத்தை மூட, மும்பை நர்சரி ஒன்று 12 குழித் தட்டில் விற்கும் சீ பர்ஸ்லேன் என்ற, உப்பைத் தாங்கும் கடலோரக் கீரையை வாங்கலாம். ஒரு தட்டு போதும், இரண்டாவது வீண் செலவு. கணுவுக்குக் கணு வேர்விடும் கொடி இது. 10 செ.மீ. துண்டை ஒடித்து, இரண்டு கணு மண்ணுக்குள் போகும்படி 30 செ.மீ. இடைவெளியில் ஊன்றினால் தானே படரும்.

குழி குழியாகப் பார்த்து வாங்குங்கள். செசுவியம் போர்டுலகாஸ்ட்ரம் (சீ பர்ஸ்லேனின் அறிவியல் பெயர்) என்றால் இலை ஒடுங்கித் தடித்து, எதிரெதிர் இலைகள் ஏறக்குறைய ஒரே அளவில் இருக்கும். இளஞ்சிவப்புப் பூவுக்குக் காம்பு உண்டு. இந்தத் தட்டில் இரண்டு குழியில் இருந்தது சாரணை: அகன்ற இலை, ஜோடியில் ஒன்று பெரிது ஒன்று சிறிது, பூவுக்குக் காம்பில்லை. மஞ்சள் பூ வந்தால் அது நம்ம பருப்புக்கீரை.

பெரிய குறை, குழி முழுக்க வெறும் தென்னை நார்க்கழிவு. ஜூன் முதல் செப்டம்பர் வரை பெய்யும் மழையைப் பஞ்சுபோல் பிடித்துக்கொள்ளும், தண்டு அடியில் அழுகும். கடலோரச் சேற்றில் வளரும் செடிதானே என்று விட்டுவிட வேண்டாம். அங்கே வெயில் உண்டு, தொட்டியில் மேகமூட்டமும் தேங்கிய நீரும்தான். மணல் 2 பங்கு, தோட்டமண் 1 பங்கு, மக்கிய உரம் அரைப் பங்கு கலந்து மாற்றி நடுங்கள். அக்டோபரில் நடுவது உத்தமம். உரம் கூடினால் கொடி நீளும், இலை மெலியும்.

'தினமும் நீர் ஊற்றவும்' என்று ஒட்டியிருக்கும் சீட்டைக் கிழித்துப் போடலாம். மேல்மண் 2 செ.மீ. காய்ந்தபின் ஊற்றினால் போதும். நல்ல தண்ணீரில் மட்டுமே வளர்ந்தால் இலை சப்பென்றிருக்கும். ருசிக்கு வாரம் ஒருமுறை லிட்டருக்கு 10 கிராம் கல்லுப்பு கரைத்து விடுங்கள் (கடல்நீரில் சுமார் 35 கிராம்). வடியும் நீர் துளசித் தொட்டிப் பக்கம் போகக் கூடாது.

நுனியை மட்டும் கிள்ளி, கொதிநீரில் 3 நிமிடம் போட்டு, அந்த நீரைக் கொட்டிவிடுங்கள். உப்பும், சிறுநீரகக் கல்லுக்குக் காரணமாகும் ஆக்சலேட்டும் குறையும். பாசிப்பருப்புக் கூட்டுக்கு நன்றாகச் சேரும். கூட்டை இறக்கும்போது ருசி பார்த்து உப்புப் போடுங்கள், பெரும்பாலும் தேவைப்படாது. சிறுநீரகக் கல், ரத்தக் கொதிப்பு இருப்பவர்கள் தவிர்ப்பது நல்லது.

காசை மிச்சம் பிடிக்க மாஹிம் கழிமுகத்தோரம் போய்க் கீரை பறிக்க வேண்டாம். கழிவுநீரில் வரும் கன உலோகங்களை உறிஞ்சித் தன்னுள் சேர்த்து வைக்கும் செடி இது.